செமோரில் ஒரு துப்பாக்கிப் பெட்டி

ஈப்போவிலிருந்து வடக்கே கோலகங்சாருக்குப் போகும் பழைய சாலையில் சுண்ணாம்புக் குன்றுகள் கூடவே வரும். கந்தான் குன்றைச் சிமிந்திக்காக வெட்டியெடுத்த வெள்ளைத் தழும்பு தூரத்திலேயே தெரியும். அதற்குப் பக்கத்து ஊர்தான் செமோர். ஒரு கடைத்தெரு, இரயில் பாதை, சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள். இன்று அவற்றில் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. சில செம்பனைக்கு மாறிவிட்டன. இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கும் அன்பர்களுக்காகவே ஒரு பெட்டியைப் பற்றி எழுதுகிறேன்.

என் மாணவி ஒருத்தியின் வீட்டில், பாட்டியின் கட்டிலுக்கு அடியில் அது இருக்கிறது. ஓக் மரத்தில் செய்து தோல் போர்த்திய கனத்த பெட்டி. உள்ளே குடும்பத்துக் காகிதங்கள்: பிறப்புப் பத்திரங்கள், பாட்டியின் பழைய சிவப்பு அடையாள அட்டை, பாட்டியின் மாமனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது கொண்டுவந்த சீட்டு. மூடியின் உட்பக்கத்தில் மங்கிய பொன்னெழுத்தில் "பி. ஆர் அண்ட் சன்ஸ், மதராஸ், ரங்கூன்" என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதன் கீழே யாரோ மையால் "8 போர்" என்று எழுதியிருக்கிறார்கள். பழம்பொருள் வாங்கும் ஒருவர் வந்து, செய்தவர் பெயரே போட்டிருக்கிறது என்று சொல்லி விலை கேட்டாராம். "இந்தப் பேருக்காரங்கதான் துப்பாக்கி செஞ்சாங்களா, சார்?" என்று அந்தப் பெண் என்னிடம் வந்து கேட்டாள்.

துப்பாக்கி இப்போது இல்லை. 1941 டிசம்பரில் ஜப்பானியர் இந்தச் சாலை வழியாக ஈப்போவை நோக்கி இறங்கியபோது துரை பங்களாவைப் போட்டுவிட்டுப் போனார். பெட்டி மட்டும் மிஞ்சியது. பாட்டியின் மாமனார்தான் துரைக்குப் பின்னால் அந்தத் துப்பாக்கியைத் தோளில் சுமந்து காட்டுக்குப் போனவர்.

8 போர் என்றால் என்ன? ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான எட்டு உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டை குழலுக்குள் சரியாகப் பொருந்தும். குண்டு ஒன்று 57 கிராம். குழலின் வாய் ஏறக்குறைய நம் இருபது சென் காசின் அகலம். 4 போர் என்றால் குண்டு 113 கிராம். எட்டுப் போர் இரட்டைக்குழல் துப்பாக்கியே ஏழு கிலோ அளவுக்குக் கனக்கும். பால் வாளியோடு மேடு ஏறி இறங்கிய தோள்களுக்கு இந்தக் கனம் என்னவென்று தெரியும்.

இவ்வளவு பெரிய குண்டு எதற்கு? யானைக்கும் காட்டெருமைக்கும்தான். பேராக்கில் யானை வேடிக்கைப் பொருளாக இருந்ததில்லை. 1894 செப்டம்பரில் தெலுக் ஆன்சன் பக்கம், இன்றைய தெலுக் இந்தானில், தன் கூட்டத்தைக் காக்க வந்த ஓர் ஆண் யானை இரயிலையே மோதித் தடம் புரட்டியது. அதன் நினைவாகப் பாதையோரம் பலகையே வைத்திருக்கிறார்கள். ஆனால் ரப்பர் இங்கே பரவும்போதே எட்டுப் போரின் காலம் முடியத் தொடங்கிவிட்டது. 1898-இல் ரிக்பி நிறுவனம் புகையில்லா மருந்தில் சுடும் .450 ரகத்தைக் கொண்டுவந்தது. சிறிய குண்டு, அதிக வேகம். ஆகவே அந்தத் துப்பாக்கி துரையின் கைக்கு வந்தபோதே பழசாகத்தான் இருந்திருக்கும்.

இனி பெயருக்கு வருவோம். நம்மவர்கள் "பி.ஆர்." என்பதை இனிஷியல் என்று நினைப்பதுண்டு. ஆர் என்பது குடும்பப் பெயர். பீட்டர் ஆர் என்ற ஸ்காட்லாந்துக் கடியாரக்காரர் 1849-இல் சென்னையில் தொடங்கிய கடை அது. கடியாரம், வைரம், சாமி உருவங்கள் பொறித்த வெள்ளிப் பாத்திரம், இவற்றோடு துப்பாக்கியும் விற்றார்கள். கடியாரக் கடையில் யானைத் துப்பாக்கிக் குழலைக் காய்ச்சி அடித்திருப்பார்களா? அக்காலத்தில் இந்தியக் கடைகளின் பெயர் தாங்கிய துப்பாக்கிகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் செய்து வந்தவை. கடைக்காரர் பெயரைக் குழலில் பொறித்தே அனுப்புவார்கள். ஆகவே மூடியில் இருப்பது விற்றவர் பெயர். செய்தவர் பெயர் அதில் இல்லை.

பர்மிங்ஹாமிலும் ஒரே ஆள் முழுத் துப்பாக்கியைச் செய்வதில்லை. துப்பாக்கிப் பேட்டை என்ற பகுதியில் லவ்டே தெரு, பிரைஸ் தெரு போன்ற தெருக்களின் பின்கட்டுப் பட்டறைகளில் குழல் அடிப்பவர் ஒருவர், துளை குடைபவர் ஒருவர், மரக்கட்டை பொருத்துபவர் ஒருவர், சித்திரம் வெட்டுபவர் ஒருவர். விசைப்பூட்டுகள் டார்லஸ்டன் ஊரிலிருந்தும் வரும். இவர்களில் மிகவும் நுட்பமான வேலை இரு குழல்களையும் இணைப்பவருடையது. இரண்டையும் இணையாக வைத்து ஒட்டினால் குண்டுகள் ஒரே இடத்தில் விழா. வலக்குழல் வெடிக்கும்போது துப்பாக்கி வலப்பக்கம் உதறும், இடக்குழல் இடப்பக்கம் உதறும். அதனால் நுனியில் குழல்களைச் சற்று நெருக்கி ஈயப்பற்று வைத்து, சுட்டுப் பார்ப்பார். விலகினால் பற்றை உருக்கி, நடுவிலுள்ள ஆப்பை ஒரு மயிரளவு நகர்த்தி, மறுபடி சுடுவார். ஏழு கிலோ இரும்பைத் தோளில் வைத்து நாளெல்லாம் இதே வேலை. இரட்டைக்குழல் ரைபிளின் விலையில் பெரும்பங்கு இந்தப் பொறுமைக்குத்தான் என்பது என் கணிப்பு. அவருடைய பெயரை எந்த மூடியிலும் ஒட்டவில்லை. நம் தோட்டத்து ரப்பர் ஷீட்டைக் கட்டி மேலே கம்பெனி முத்திரை குத்தியபோது, வெட்டியவர் பெயரை யார் எழுதினார்கள்?

செய்தவரைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்று உண்டு. குழல்களைக் கழற்றி அடிப்பக்கம் பார்க்க வேண்டும். குழல் அடித்தவரின் முதலெழுத்துக்கள் சில சமயம் அங்கே சிறிதாகக் குத்தியிருக்கும். கூடவே சோதனைக்கூடத்தின் முத்திரை இருக்கும். 1813-இல் பர்மிங்ஹாமில் அமைந்த சோதனைக்கூடம், அளவுக்கு மீறிய மருந்து வைத்துச் சுட்டு, வெடிக்காத குழலுக்கு மட்டும் முத்திரை போடும். முத்திரையின் வடிவத்தைக் கொண்டு காலத்தைச் சொல்லிவிடலாம். துப்பாக்கி இல்லாத பெட்டியில் இந்தச் சாட்சி ஒன்றும் கிடையாது.

இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். "அப்ப இதுல இருக்கிற பேரு கடைக்காரன் பேருதானா, வாத்தியாரே?" என்றார். பிறகு மாமனாரின் கப்பல் சீட்டை எடுத்துக் காட்டினார். அவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், எல்லாம் அதில் தெளிவாக இருந்தன. துரையோடு அவர் நிற்கும் படம் ஒன்றும் பெட்டியில் உண்டு. அதன் பின்புறம் துரையின் பெயரை மட்டுமே எழுதியிருந்தார்கள். பேத்தி அங்கேயே பேனாவை எடுத்து, சீட்டைப் பார்த்துத் தாத்தாவின் பெயரையும் அடியில் எழுதினாள். விலை கேட்டவர் திரும்ப வந்தால், பெட்டி மதராஸ் மவுண்ட் ரோட்டுக் கடையில் விற்ற பெட்டி, அவ்வளவுதான் என்று சொல்லும்படி கூறியிருக்கிறேன்.

சென்னைக்குப் போகும் வாசகர்கள் மவுண்ட் ரோட்டில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், அந்தக் கடையின் மணிக்கூண்டுக் கட்டடத்தைப் பார்க்கலாம். பர்மிங்ஹாமில் சோதனைக்கூடம் இன்னும் பழைய இடத்திலேயே குழல்களைச் சோதிக்கிறது.