கீறலும் பிடிப்பும்

வெட்டு என்றால் அழிவு என்றே நாம் பெரும்பாலும் பொருள் கொள்கிறோம். அளவறிந்து இடும் வெட்டு வாழ்வளிப்பதும் உண்டு. இதனை எனக்கு முதலில் உணர்த்தியது நூலன்று. செபராங் பிறைத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய என் தாயாரின் உளி.

விடியுமுன் மரத்தில் நீரழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்கு ஒழுகுவது அந்நேரத்தில்தான். இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழும் சாய்கோட்டில் பட்டையைச் சீவ வேண்டும். மேலோடு சீவினால் பாற்குழாய்கள் அறுபடா. ஆழ்ந்து விட்டாலோ, உள்ளிருக்கும் வளர்படை புண்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாய் வளரும். 1890களில் சிங்கப்பூரில் ஹென்றி ரிட்லி செம்மைப்படுத்திய நுட்பத்தை, எழுத்தறியாத எம்மவர் விரல்நுனியில் வைத்திருந்தனர். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் அன்றைய கூலியும் இல்லை.

இன்று நான் வாழும் ஜார்ஜ் டவுனில், டயர்க் கடையொன்றில் மற்றொரு கத்தியைக் கண்டேன். தேய்ந்த லோரி டயரில், சூடேற்றிய கத்தியால் முதியவர் ஒருவர் பள்ளங்களை ஆழப்படுத்திக் கொண்டிருந்தார். "கம்பி தெரியறதுக்கு முன்னால கத்தி நிக்கணும், சார்" என்றார். என் தாயார் பட்டையைப் பற்றிச் சொன்னதும் ஏறத்தாழ இதுவேயன்றோ!

பள்ளம் வேறு, கீறல் வேறு. பள்ளம் நீரை வழிந்தோடச் செய்வது. கீறலோ ரப்பரை அகற்றாமல் பிளந்து மட்டும் விடும் மெல்லிய கோடு. அமெரிக்கரான ஜான் சைப் 1923இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஈரத் தரையில் வழுக்காதிருக்கத் தம் காலணியின் அடியைக் கீறியதே தொடக்கம் என்பர். அவர் பெயராலேயே அக்கீறல் இன்றும் 'சைப்' எனப்படுகிறது. பனிநாடுகளில் கரடுமுரடான பாதையில் செல்லும் லோரி டயர்களின் தடித்த கட்டைகளில் இவ்வாறு கீறுவர். சக்கரம் உருளுகையில் கீறல்கள் சற்றே விரிய, நூற்றுக்கணக்கான விளிம்புகள் பனியைப் பற்றுகின்றன. ஆயினும் கூர்ங்கற்கள் நிறைந்த பாதையில் அதே கீறல்களின் வழியே ரப்பர் துண்டுதுண்டாய்ப் பிய்ந்து போவதும் உண்டு.

நமக்குப் பனி இல்லை, மழை உண்டு. மழைநாளில் பினாங்குப் பாலத்தின் மீது மொட்டை டயரோடு விரையும் லோரியைக் காணும்போது நெஞ்சு பதறுகிறது. மறுவெட்டுக்கென்றே அடியில் கூடுதல் ரப்பர் வைத்துச் செய்யப்பட்ட டயரில் கத்தி வைப்பது தொழில். அவ்வாறு அமையாத பழைய டயரைக் குடைந்து புதிதெனக் காட்டுவது, ஓட்டுநரின் உயிரோடும் எதிரே வருவோர் உயிரோடும் ஆடும் சூது. அங்கே மிச்சப்படுவது சில நூறு வெள்ளி. பணயம் வைக்கப்படுவதோ ஒரு குடும்பத்தின் சோறு.

லோரி டயர்களில் இயற்கை ரப்பரே மிகுதி. அது வெப்பத்தைக் குறைவாகச் சேர்ப்பது. குளிரிலும் நெகிழ்ச்சியை எளிதில் இழவாதது. எனவே பனிமலையில் ஏறும் லோரியையும் தாங்கி நிற்பது ஏதோ ஒரு மரத்தின் பாலே. எங்கள் தோட்டத்தில் இன்று செம்பனை நிற்கிறது. எனினும், டயர் ஒன்றைக் காணும் மாணவர், அதன் பின்னே இருளில் எழுந்து பட்டையின் ஆழத்தை விரலால் அளந்த ஒருவர் இருந்தார் என்பதையும் பாடமாகக் கொள்வாராக.