டிப்ஸ்டிக்கும் பிபி மெஷினும்

1/ கார்ல எஞ்சின் ஆயில் பார்க்கிறது எப்படினு ஒரு த்ரெட். டாக்டருக்கு எதுக்கு இந்த வேலைனு கேட்காதீங்க. கடைசி வரைக்கும் படிங்க.

2/ போன மாசம் ஒரு ஞாயிறு. நைட் டியூட்டி முடிச்சு தேவதானப்பட்டி வீட்டுக்கு வந்தேன். மதியம் குடும்பத்தோட கொடைக்கானல் போற பிளான். மலை ஏறணுமே, ஆயில் பார்த்துருவோம்னு வண்டியை நிறுத்தின கையோட பானட்டைத் திறந்தேன். எங்க வாசல் வேற சரிவு. டிப்ஸ்டிக்ல ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழ இருந்துச்சு.

3/ டிக்கியில இருந்த 1 லிட்டர் ஆயிலை முழுசா ஊத்திட்டேன். அரை மணி நேரம் கழிச்சு மனசு கேட்காம, தெருவுல சமமான இடத்துக்கு வண்டியைத் தள்ளிவிட்டுப் பார்த்தா, மேல்கோட்டைத் தாண்டி நிக்குது! பெரியகுளம் மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டேன். "சார், ஸ்டார்ட் பண்ணிராதீங்க, நானே வர்றேன்."

4/ வந்து, அதிகமான ஆயிலை வடிச்சு எடுத்தார். ஆயில் கூடிப்போனா கிராங்க்‌ஷாஃப்ட் அதுல அடிச்சு நுரை கிளப்பும். நுரைச்ச ஆயில் பேரிங்குக்கு ஒழுங்கா அழுத்தத்தோட போகாது. கம்மியானாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து.

5/ அப்புறம் ஒரே கேள்விதான் கேட்டார். "எஞ்சினை நிறுத்தி எத்தனை நிமிஷம் கழிச்சு சார் பார்த்தீங்க?"

சுருக்குனு இருந்துச்சு. ஏன்னா இதே தப்பை நான் ஒரு மனுஷிகிட்ட பண்ணியிருக்கேன்.

6/ சில வருஷம் முன்னாடி, வேற ஊர்ல போஸ்டிங். ஓபியில நல்ல கூட்டம். ஒரு பாட்டி பஸ்ஸை விட்டு இறங்கி வேகவேகமா நடந்து வந்து உட்கார்ந்தாங்க. உடனே பிபி பார்த்தேன். மேல் அளவு 170. மாத்திரை டோஸைக் கூட்டினேன்.

7/ பத்து நாள்ல தலை சுத்தி விழுந்து, மணிக்கட்டு உடைஞ்சு வந்தாங்க. படுக்க வச்சு நிதானமா பார்த்தா 104. அவங்க என்னைத் திட்டக்கூட இல்லை. "மாத்திரைய ஒருநாள் கூட விடலையேய்யா"னு மட்டும் சொன்னாங்க.

8/ ஓடின எஞ்சின்ல ஆயில் மேல ஹெட் வரைக்கும் ஏறியிருக்கும். நிறுத்தின உடனே பார்த்தா அளவு குறைச்சலாக் காட்டும். கீழ சம்ப்புக்கு இறங்க நேரம் குடுக்கணும்.

9/ சரியான முறை:
• சமமான தரை.
• எஞ்சினை நிறுத்தி 5 முதல் 10 நிமிஷம். (சில வண்டிக்கு வேற முறை, மேனுவலைப் பாருங்க.)
• டிப்ஸ்டிக்கை உருவி, நூல் பிரியாத துணியில துடைங்க. முதல் தடவை வர்ற அளவு கணக்கில்லை.
• முழுசா உள்ள விட்டு, திரும்ப எடுத்துப் பாருங்க. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருந்தா போதும்.
• குறைஞ்சா கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, பொறுத்து, மறுபடி பாருங்க.

10/ டீசல் வண்டியில ஆயில் சீக்கிரம் கறுக்கும், பயப்படாதீங்க. பால் காப்பி மாதிரி இருந்தா தண்ணி கலந்திருக்கலாம். ஊத்தாமலே அளவு ஏறினா எரிபொருளோ கூலன்ட்டோ கலந்திருக்கலாம். மெக்கானிக்கிட்ட காட்டுங்க.

11/ டேஷ்போர்டுல வர்ற சிவப்பு ஆயில் லைட் பொதுவா அழுத்தத்துக்கானது, அளவுக்கானது இல்லை. அது எரியிறப்போ ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்க. "அடுத்த ஊர்ல பார்த்துக்கலாம்" வேண்டாம்.

12/ பிபிக்கும் இதேதான். 5 நிமிஷம் பேசாம உட்காருங்க. முதுகு சாய்ஞ்சிருக்கணும், பாதம் தரையில, கை நெஞ்சு உயரத்துல. அரை மணிக்குள்ள காப்பி, பீடி கூடாது. ரெண்டு தடவை பாருங்க. டாக்டர் அவசரப்பட்டா, "இப்பத்தான் நடந்து வந்தேன், கொஞ்சம் பொறுத்துப் பாருங்க"னு தைரியமா சொல்லுங்க.

13/ எஞ்சினுக்கு ஆயிலை வடிச்சு எடுத்துட்டோம். பாட்டிக்குக் கட்டு பிரிச்சப்புறமும் அந்தக் கை முழுசாத் திரும்பலை. இப்போ என் ஓபியில பிபி பார்க்கிற இடத்துக்கு முன்னாடி ஒரு பெஞ்ச் போட்டிருக்கேன். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் 5 நிமிஷம் உட்கார்ந்துட்டுத்தான் வரணும்.