இரண்டாவது எண்

ஜனவரி 5, 2025, ஞாயிறு

மருத்துவமனை லேபில் இரவுப் பணி. பத்தரை மணி இருக்கும், முக்கூடல் பக்கத்திலிருந்து 108 வண்டியில் ஓர் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். வயது 58. பீடி சுற்றுகிறவர். பல வருடமாகச் சர்க்கரை. நான்கு நாள் காய்ச்சலும் சளியும். ஊரில் ஓர் ஊசி போட்டதும் காய்ச்சல் இறங்கியிருக்கிறது, அதனால் வீட்டிலேயே வைத்திருந்திருக்கிறார்கள். "மத்தியானத்துலேருந்து ஒரு மாதிரியா பேசுதாவ அக்கா. என்னையே யாருன்னு கேக்காவ" என்றான் மகன். மூச்சு நிமிடத்துக்கு 34. ரத்த அழுத்தம் 84/50. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி முழுக்க வெள்ளை.

நிமோனியா நுரையீரலோடு நிற்கவில்லை. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடல், கட்டுமீறித் தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்ளும் நிலை. செப்சிஸ் என்பதற்கு 2016இல் வகுத்த சர்வதேச வரையறையும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது.

ரத்தம் எடுக்க நானே போனேன். பயிற்சிக்கு வந்திருக்கும் பெண்ணையும் கூட்டிக்கொண்டேன். ரத்தத்திலுள்ள லாக்டிக் அமிலத்தின் அளவான லாக்டேட்டுக்கு எடுக்கும்போது கையை இறுக மூடித் திறக்கச் சொல்லக் கூடாது. கட்டுப்பட்டையை நெடுநேரம் விட்டுவைக்கக் கூடாது. இரண்டுமே எண்ணை வீணாக ஏற்றும். எடுத்த ரத்தத்தை மேசையில் போட்டு வைத்தால் அதிலுள்ள சிவப்பணுக்கள் சர்க்கரையைத் தின்று மேலும் லாக்டேட்டை உண்டாக்கும். அதனால் ஐஸில் வைத்து ஓட வேண்டும், அல்லது ஃபுளோரைடு கலந்த சாம்பல் மூடிக் குழாயில் எடுக்க வேண்டும். நாங்கள் ஐஸில் வைத்து ஓடினோம். 5.1 வந்தது. 2க்குள் இருக்க வேண்டியது.

கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த கையோடு டாக்டர் ஆன்டிபயாட்டிக்கை ஏற்றச் சொன்னார். மற்ற ரிசல்ட்டுகளுக்காகக் காத்திருக்கவில்லை. அதுதான் சரி.

ஜனவரி 6, திங்கள்

இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த லாக்டேட் 4.4. விடிகிற நேரத்தில் 3.0. எண் இறங்குகிறது என்று போனில் சொன்னபோது டாக்டரின் குரலும் கொஞ்சம் இறங்கியது.

1843இல் ஜெர்மனியில் யோஹான் ஷெரர் என்ற மருத்துவர், பிரசவக் காய்ச்சலில் இறந்த பெண்களின் ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தைக் கண்டார். நோயுற்ற மனித ரத்தத்தில் அதை முதலில் கண்டவர் அவரே. திசுக்களுக்குப் போதுமான ரத்தம் போகாதபோது லாக்டேட் ஏறும். உடல் சுரக்கும் அட்ரினலினால் ஏறும். ஈரல் அதை அகற்றத் திணறினாலும் ஏறும். ஆகவே ஒருமுறை பார்த்த எண் ஆபத்து இருக்கிறது என்று மட்டும் சொல்லும். சிகிச்சைக்கு உடல் இணங்குகிறதா என்பதை இரண்டாவது எண்தான் சொல்லும்.

காலையில் மற்றவையும் வந்தன. கிருமித் தொற்றில் ஏறும் புரோகால்சிடோனின் 18. அழற்சியில் ஏறும் சிஆர்பி 240. யூரியா 74. கிரியாட்டினின் 1.9. பிளேட்லெட் ஒரு லட்சத்து ஐந்தாயிரம். நிமோனியாவின் தீவிரத்தை மதிப்பிடக் கர்ப்-65 என்று ஒரு கணக்கு உண்டு, 2003இல் வெளியானது. மனக்குழப்பம், 42க்கு மேல் யூரியா, நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் மூச்சு, குறைந்த ரத்த அழுத்தம், 65 வயதும் அதற்கு மேலும்: ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். அந்த ஆய்வில் 3 அல்லது அதற்கு மேல் பெற்றவர்களில் 22 சதவீதம் பேர் முப்பது நாளுக்குள் இறந்தார்கள். இந்த அம்மாவுக்கு 4. ஐந்தில் ஒன்றுதான் ரத்தப் பரிசோதனை. மற்ற நான்கும் கட்டிலருகே நின்றே தெரிந்துகொள்ளக்கூடியவை.

ஜனவரி 7, செவ்வாய்

மகன் ரிசல்ட் தாளோடு லேப் ஜன்னலில் நின்றான். "240 இருந்தது 290 ஆயிட்டே அக்கா. அம்மா நேத்தைக்கு இன்னைக்கு நல்லா பேசுதாவளே, பிறகு எப்பிடி?"

சிஆர்பி பிறந்ததே நிமோனியா வார்டில்தான். 1930இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர், நிமோகாக்கஸ் கிருமியின் செல்சுவரிலிருந்து எடுத்த ஒரு பொருளை நோயாளிகளின் ரத்தநீரில் கலந்தார்கள், அது திரண்டது. நோய் தணிந்தவர்களின் ரத்தநீரில் திரளவில்லை. அப்படித் திரளவைத்த புரதம்தான் சிஆர்பி. அதை ஈரல் தயாரிக்கிறது. தூண்டுதல் கிடைத்த பிறகு உச்சத்துக்கு வரவே இரண்டு நாளாகலாம். நோய் அடங்கத் தொடங்கிய பின்னும் கொஞ்ச நேரம் ஏறிக்கொண்டிருக்கும். இதைத்தான் அவனுக்குப் புரியும்படி சொன்னேன். "இது பின்னாடி வர்ற எண்ணுப்பா. இன்னைக்கு லாக்டேட் 1.7. அம்மாவுக்கு மூத்திரம் நல்லா போகுது. அதைப் பாரு."

ரிசல்ட் தாளில் சாதாரண அளவைத் தாண்டிய எண் தடித்த எழுத்தில் வரும். எழுத்தின் கறுப்பைப் பார்த்தே குடும்பங்கள் நடுங்கிப்போகின்றன. தாளைக் கொடுக்கிறவர்கள் இரண்டு வார்த்தை சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்கு யாருக்கும் நேரமில்லை என்பதை நான் ஏற்க மாட்டேன்.

ஜனவரி 8, புதன்

விக்கிரமசிங்கபுரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கும் ஒருவர். வயது நாற்பதுக்குள். ஒன்பது நாள் காய்ச்சல், மூச்சிளைப்பு, இரண்டு நுரையீரலிலும் படர்ந்த வெள்ளை. பிளேட்லெட் 46,000. புரோகால்சிடோனின் 7. காகிதத்தை மட்டும் பார்த்தால் வழக்கமான நிமோனியா செப்சிஸ்தான். வேறோர் இடத்தில் மூன்று நாள் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் போட்டும் காய்ச்சல் விடவில்லை.

ரத்தம் எடுக்கப் போனபோது டாக்டர் அவர் உடம்பை அங்குலம் அங்குலமாகத் தேடிக்கொண்டிருந்தார். தொடை இடுக்கில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கரும்புண். வலிக்காது, அரிக்காது; அதனால் அவருக்கே தெரியவில்லை. ஸ்க்ரப் டைபஸ். புதர்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து வருவது. இந்தக் கிருமி நம் உயிரணுவுக்குள்ளேயே குடியிருக்கும். செஃப்ட்ரியாக்சோன் இதைத் தொடாது. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் வேண்டும்.

தீவிர ஸ்க்ரப் டைபஸுக்கு எது நல்ல சிகிச்சை என்பதை உலகுக்குச் சொன்னது நம் வேலூர் சிஎம்சி தலைமையில் நடந்த ஆய்வு. 2023இல் வெளியானது. இரண்டு மருந்தையும் சேர்த்து நரம்பில் ஏற்றியவர்களில், மரணமோ நீடித்த சிக்கலோ தணியாத காய்ச்சலோ இருந்தது 33 சதவீதம் பேருக்கு. ஒரே மருந்து பெற்ற இரு பிரிவுகளிலும் அது 47, 48 சதவீதம். புரோகால்சிடோனின் ஆபத்தின் அளவைச் சொல்லும். எந்தக் கிருமி என்று சொல்லாது. அதைச் சொன்னது அந்தக் கரும்புண்.

ஜனவரி 9, வியாழன்

மூன்று நாளாக இங்கே இருந்த பெரியவர் ஒருவர் இன்று அதிகாலை போய்விட்டார். நெடுநாள் ஈரல் சுருக்கம், அதன்மேல் நிமோனியா. சிஆர்பி 38தான். வெளியூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அந்த எண்ணைப் பார்த்து, "இது கம்மிதானே, பயமில்லையே" என்று நேற்று என்னிடம் கேட்டார். அந்தப் புரதத்தைத் தயாரிக்கும் ஈரலே ஓய்ந்துபோயிருந்தால் எண் எப்படி ஏறும்? டாக்டர் அந்த எண்ணை நம்பவில்லை. பிலிருபினையும், குறைந்துகொண்டே வந்த பிளேட்லெட்டையும், இறங்க மறுத்த லாக்டேட்டையும் பார்த்துக் குடும்பத்தாரிடம் முன்பே எடுத்துச் சொல்லியிருந்தார்.

உயர்ந்த எண்ணைக் கண்டு பயப்படுவதைவிடத் தாழ்ந்த எண்ணைக் கண்டு நிம்மதியாவது ஆபத்து. இதை இன்று பயிற்சிப் பெண்ணிடம் சொன்னேன். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஜனவரி 10, வெள்ளி

வைகுண்ட ஏகாதசி. லேபில் பாதிப் பேர் ஸ்ரீவைகுண்டத்துக்கும் நவதிருப்பதிகளுக்கும் போய்விட்டார்கள். நான் பணியில்.

முக்கூடல் அம்மாவின் புரோகால்சிடோனின் 3.2. ஆறாம் தேதி மாலை 22 வரை போயிருந்தது. அந்த உச்சத்திலிருந்து எண்பது சதவீதத்துக்கு மேல் இறங்கிவிட்டது. புரோகால்சிடோனின் அரைநாள், ஒருநாளில் ஏறும். கிருமி கட்டுப்பட்டால் ஒரு நாளைக்கு ஏறக்குறையப் பாதியாக இறங்கும். தொற்றில் இது உயர்வதை 1993இல் பாரிஸ் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். அன்றிலிருந்து இதை எதற்குப் பயன்படுத்துவது என்ற வாதம் ஓயவில்லை. இப்போது ஓரளவு தெளிவு வந்திருக்கிறது. ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்கலாமா என்று முடிவுசெய்ய இதை நம்பாதே, நிறுத்தலாமா என்று முடிவுசெய்யத் துணைக்கு வைத்துக்கொள் என்பதே 2021இன் சர்வதேசச் செப்சிஸ் வழிகாட்டுதல். போன மாதம் பிரிட்டனிலிருந்து வெளியான ஆய்வும் அதையே உறுதிசெய்தது: 2,760 நோயாளிகள், தினமும் புரோகால்சிடோனின் பார்த்தவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் நாள்கள் குறைந்தன, மரணம் கூடவில்லை. சிஆர்பி பார்த்தவர்களுக்கு நாள்கள் குறையவில்லை.

மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிவரும் நம் நாட்டில், ஒரு நாள் மருந்து குறைந்தாலும் லாபம்தான். இன்னும் ஒரு நாள் பார்த்துவிட்டு நிறுத்தலாம் என்றார் டாக்டர்.

ஜனவரி 11, சனி

முக்கூடல் அம்மாவின் மகன் பில் தாளை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தான். ஒரு புரோகால்சிடோனின் பரிசோதனைக்கு ஆகும் பணம், அவன் அம்மா பல நாள் பீடி சுற்றிச் சம்பாதிப்பது. விலையைப் பேசாமல் இந்தப் பரிசோதனைகளின் பெருமையைப் பேசுவது நியாயமில்லை. இடத்துக்கு இடம் இன்டர்லூக்கின்-6, பிரிசெப்சின் என்று பட்டியல் நீள்கிறது. முடிவை மாற்றாத பரிசோதனையை எழுதவே கூடாது என்பேன்.

பயிற்சிப் பெண்ணுக்கு இன்று காசில்லாத பரிசோதனை ஒன்றைக் காட்டினேன். நோயாளியின் ஆள்காட்டி விரல் நுனியைக் கண்ணாடித் துண்டால் பத்து விநாடி அழுத்தி விட வேண்டும். வெளுத்த இடம் சிவக்க மூன்று விநாடிக்கு மேலானால் ரத்த ஓட்டம் சரியில்லை. தென்னமெரிக்காவின் ஐந்து நாடுகளில் செப்சிஸ் முற்றி ரத்த அழுத்தம் சரிந்த 424 செப்டிக் ஷாக் நோயாளிகளிடம் இதையும் லாக்டேட்டையும் ஒப்பிட்டார்கள். 2019இல் முடிவு வந்தது. விரலைப் பார்த்துச் சிகிச்சை தந்த பிரிவில் 34.9 சதவீதம், லாக்டேட்டைப் பார்த்துத் தந்த பிரிவில் 43.4 சதவீதம் பேர் 28 நாளில் இறந்தார்கள். இது புள்ளியியல் கணக்கில் உறுதியான வித்தியாசமாகவில்லை. ஆனாலும் லாக்டேட் மெஷின் இல்லாத ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிற்கும் நர்ஸுக்கு இதைவிடப் பெரிய துணை வேறென்ன?

ஜனவரி 13, திங்கள், போகி

முக்கூடல் அம்மா நேற்றே தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாறிவிட்டார். ஆக்சிஜன் இல்லாமல் 96. ஆன்டிபயாட்டிக் நின்றது. ஆடு மேய்க்கும் அண்ணாச்சிக்கும் காய்ச்சல் விட்டு இரண்டு நாளாகிறது. ரத்தம் எடுக்கப் போனபோது, "எனக்கு எப்ப தாயி வீட்டுக்கு? நாளைக்குப் பொங்கல்லா" என்றார் அந்த அம்மா. பொங்கல் இங்கேதான், கரிநாளுக்கு வீட்டில் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

2017இல் உலகில் நிகழ்ந்த மரணங்களில் ஐந்தில் ஒன்று செப்சிஸோடு தொடர்புடையது என்று 2020இல் ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. ஒரு கோடியே பத்து லட்சம் உயிர்கள். இதை முன்கூட்டி அறிய விலையுயர்ந்த கருவி வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு ஏற்கெனவே ஒரு வழி காட்டியிருக்கிறது. 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லா திட்டத்தில், புதிய நோயாளி ஒவ்வொருவரிடமும் உடல் மெலிவு, மூச்சின் எண்ணிக்கையும் ஆக்சிஜன் அளவும், துணையில்லாமல் நிற்க முடிகிறதா என்பது ஆகியவற்றைச் சுகாதார ஊழியரே பார்க்கிறார். ஆபத்தானவரை உடனே படுக்கையில் சேர்க்கிறார்கள். நிமோனியாவுக்கும் கிராமத்து மட்டத்தில் இப்படியொரு முறை வேண்டும். எல்லா அரசு மருத்துவமனைகளிலும் லாக்டேட் இருபத்துநாலு மணி நேரமும் பார்க்க வசதி வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் மற்ற பரிசோதனைகள் பிறகு வரலாம்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. வீட்டில் பெரியவர்களுக்குக் காய்ச்சலும் சளியும் என்றால் கைபேசியில் ஒரு நிமிடம் பார்த்து மூச்சை எண்ணுங்கள். ஓய்வாக இருக்கும்போதே 22ஐத் தாண்டினால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். 30ஐத் தொட்டாலோ, பேச்சு குழம்பினாலோ, கைகால் சில்லிட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, காய்ச்சல் இறங்கியிருக்கிறதே என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். நாங்கள் எடுக்கும் எண்களுக்கு மதிப்பு வருவது நீங்கள் நேரத்தோடு வந்தால்தான்.