கன்றின் மேற் சுமத்திய பழி

எங்கள் வீட்டுக் கொட்டிலில் இலட்சுமி என்றொரு பசு நின்றது. காலையில் நான்கு போத்தல் பால் தந்துவந்த அது, ஒரு மாரிகாலத்தில் மூன்று போத்தலுக்கு இறங்கிற்று. மடியில் வீக்கமில்லை, பாலில் திரியில்லை, தீனியிலும் குறைவில்லை. "கண்ணூறு பட்டுவிட்டது" என்றார் ஆச்சி. அம்மாவோ, கன்று கள்ளமாய்க் குடிக்கின்றது என்றெண்ணி, அதனை அரைவயிற்றுடன் எட்டக் கட்டிவைத்தார். ஐயா மாட்டை விற்றுவிடத் தரகரிடமும் பேசிவிட்டார்.

அவ்வேளையில் வந்த மிருக வைத்தியர், நான்கு கிண்ணங்கள் பொருந்திய தட்டொன்றை எடுத்தார். முதற் பாலைக் கறந்து நீக்கியபின், ஒவ்வொரு காம்பின் பாலையும் ஒவ்வொரு கிண்ணத்திற் சிறிது ஏந்தினார். அதே அளவு ஊதா நிற மருந்துநீரைச் சேர்த்து மெல்லச் சுழற்றினார். மூன்று கிண்ணங்களில் பால் நீராகவே ஓடிற்று. பின்வலக் காம்பின் பாலோ கூழ்போலத் தடித்து நடுவே திரண்டது.

"கன்றில் குற்றமில்லை, அம்மா. நோய் இந்த ஒரு காம்பிலேதான்" என்றார் வைத்தியர்.

அவர் தந்த விளக்கம் இன்றும் நினைவில் நிற்கின்றது. கிருமிகள் மடியினுட் புகுந்தால், அவற்றை எதிர்க்க இரத்தத்தின் வெண்குழியங்கள் பாலிலே திரள்கின்றன. நலமுள்ள மடியின் பாலில், ஒரு மில்லிலீற்றருக்குக் கலங்களின் தொகை பொதுவாக 1 இலட்சத்துக்குட்பட்டிருக்கும். 2 இலட்சத்தைக் கடந்தால் தொற்று உண்டெனக் கொள்வர். கண்ணுக்கோ இரண்டும் ஒரே வெண்மைதான். சவர்க்காரம் போன்ற அம்மருந்துநீர் கலங்களை உடைக்க, அவற்றின் கருப்பொருள் வெளிப்பட்டுப் பால் தடிக்கின்றது. கலங்களை எண்ணாமலே அவற்றின் மிகுதியைக் காட்டும் இச்சோதனையை, ஷால்ம், நூர்லாண்டர் என்னும் இருவர் 1957 இல் கலிபோர்ணியாவில் வெளியிட்டனர்.

காம்பினுள் மருந்து ஏற்றப்பட்டது. குறித்த நாள்வரை அப்பாலை விற்கவும் குடிக்கவும் கூடாதென்றும், கைகளைக் கழுவிய பின்னரே கறக்க வேண்டுமென்றும், நோயுற்ற காம்பை இறுதியிற் கறக்க வேண்டுமென்றும் வைத்தியர் பணித்தார். சில வாரங்களின் பின் மீண்டும் சோதித்தபோது நான்கு கிண்ணங்களும் ஒருபடியாய் ஓடின. தரகர் வெறுங்கையுடன் திரும்பினார்.

அன்று மாலை அம்மா கன்றை அவிழ்த்துவிட்டார். அது தாயிடம் ஓடி முட்டி முட்டிக் குடிப்பதைப் பார்த்து நின்றவரின் கண்கள் கலங்கின. "வாயில்லாச் சீவனைப் பட்டினி போட்டேனே" என்றார். காரணம் அறியாத இடத்தில் நாம் முதலில் தேடுவது ஒரு குற்றவாளியையே. ஒரு கிண்ணப் பாலைச் சுழற்றிப் பார்க்கும் பொறுமை நமக்கிருந்தால், எத்தனையோ பழிகள் பிறவாமலே போய்விடும்.