நெய்தல் நில விருந்து

‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்பது பழமொழி. அவ்வுப்பினைப் பெறுதற்கும் வழியின்றி வாடிய குடும்பம் ஒன்றனைச் சிறுபாணாற்றுப்படை காட்டுகின்றது. குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி, உப்பின்றி வேவித்து, அயலார் காண்பரே என நாணிக் கதவை அடைத்துச் சுற்றத்தாருடன் பகிர்ந்து உண்டனர் அக்குடும்பத்தார். வறுமையினும் கொடியது அவ்வறுமை தரும் நாணம் அன்றோ?

அத்துன்பம் நீங்கப்பெற்ற பாணன் ஒருவன், எதிர்ப்பட்ட வறிய பாணனை ஓய்மானாட்டு மன்னன் நல்லியக்கோடனிடம் ஆற்றுப்படுத்துவதே இந்நூல். நல்லூர் நத்தத்தனார் இதனை 269 அடிகளில் பாடினார். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1889இல் பதிப்பித்த பத்துப்பாட்டினுள் இஃது ஒன்று. இதில் வரும் கிடங்கில் என்னும் ஊர் இன்றைய திண்டிவனத்தைச் சார்ந்தது. எயிற்பட்டினம் என்பது, விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரையில் உள்ள மரக்காணமே என்பர் அறிஞர்.

பாணன் செல்லும் வழியெங்கும் விருந்து காத்திருக்கின்றது. எயிற்பட்டினத்தில் அலைகள் கொணர்ந்து ஒதுக்கிய நறுமரமே விறகு. அது துயிலும் ஒட்டகம் போலக் கிடந்ததாம். அங்கு நெய்தல் நில மக்கள் உலர்ந்த குழல்மீனைச் சுட்டு வீடுதோறும் அளிப்பர். வேலூரில் எயினர் புளிச்சோறு இடுவர். ஆமூரில் உழவர், நன்கு குற்றிய அரிசிச் சோற்றுடன் நண்டுக் கலவை தருவர். இறுதியில் நல்லியக்கோடன் பொற்கலத்தில் உணவிட்டு, தானே அருகில் நின்று உண்பிப்பான்.

பொற்கலம் உடையவன் ஈந்ததில் வியப்பில்லை. வலையும் கடலும் அன்றி வேறு செல்வம் அறியாதார் ஈந்த சுட்ட மீனே பெரிது.

மரக்காணத்தில் இன்றும் உப்பளங்கள் வெண்குவியல்களாக விளங்குகின்றன. அருகே கழுவெளியின் உவர்நீரில் இறாலும் நண்டும் வளர்கின்றன. திண்டிவனம் என்னும் பெயரோ, புளியங்காடு எனப் பொருள்படும் ‘திந்திரிணிவனம்’ என்பதன் திரிபு என்பர். மீனும் உப்பும் புளியும் ஒருங்கே வாய்த்த நாட்டில் மீன்குழம்பு மணப்பதில் வியப்பென்ன?

ஆயினும், அக்குழம்பிற்குச் செந்நிறம் தரும் மிளகாய் இந்நாட்டிற்கு உரியதன்று. பழங்காலத்தில் காரத்திற்கு மிளகே உதவிற்று. மெக்சிகோ முதலிய அமெரிக்க நாடுகளில் விளைந்த மிளகாயைப் போர்த்துக்கேசியர் 16ஆம் நூற்றாண்டளவில் இந்தியாவிற்குக் கொணர்ந்தனர். தக்காளியும் அக்கண்டத்திலிருந்து வந்ததே. மெக்சிகோவின் வெராகுரூஸ் துறைமுகத்தாரும், தம் நாட்டுத் தக்காளியோடு கடல்கடந்து வந்த ஒலிவக்காயையும் கூட்டி மீன் சமைப்பர். இவ்வாறு கடற்கரை அடுப்புகள் அயல்நாட்டுப் பொருளையும் விருந்தாக ஏற்றுக்கொண்டன.

உப்பின்றிக் கதவடைத்து உண்ட பாணர் குலத்தார்க்கு, உப்பு விளையும் கரையில் வீடுதோறும் உணவு கிடைத்தது. அளிப்பது ஒரு சுட்ட மீனேயாயினும், நாணித் தலைகுனிந்தவனை நிமிர்ந்து அமர்ந்து உண்ணச் செய்வதே விருந்தோம்பலாகும்.