ஒரு வான்படமும் வைத்தியர் கட்டணமும்

சென்ற மாசி மாதத்தில், தாயாரின் முழங்கால் நோவுக்காகத் தனியார் வைத்தியசாலை ஒன்றிலே காத்திருந்தோம். சனலுக்குப் பணம் முன்பே கட்டியாயிற்று. எமது இலக்கம் 27. எதிர்ச் சுவரில் அவ்வைத்தியசாலையின் புதுவருடக் கலண்டர் தொங்கியது. அதிலே, கடலுக்கு மேலாக எழுந்து நிற்கும் பால்வீதியின் படம். அதனை எடுத்தவன் யாரென்று எமக்குத் தெரியும். கலண்டரிலோ அவன் பெயர் இல்லை.

அவன் எம்மிடம் தமிழ் படித்தவன். பகலெல்லாம் வீடுகளுக்கு வயரிங் செய்கிறான். முகிலற்ற அமாவாசை இரவுகளிலே கடற்கரைக்குப் போய்விடுகிறான். ஒருமுறை நாமும் உடன் சென்றோம். பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், அசையாது நிறுத்திய கமெராவில் உடுக்கள் கோடுகளாக நீண்டுவிடும். ஆதலால் அச்சுழற்சிக்கு ஈடாக மெல்லத் திரும்பும் தாங்கி ஒன்றிலே கமெராவைப் பூட்டி, ஒரே இடத்தை மும்மூன்று நிமிடமாக நாற்பது ஐம்பது தடவை எடுக்கிறான். பின்னர் அத்தனை படங்களையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறான். வில்லையிற் பனி படிகிறதா என்று இடையிடையே பார்த்தபடி விடியும்வரை விழித்திருக்கவேண்டும். நாம் நள்ளிரவுக்கு முன்னரே மணலில் உறங்கிவிட்டோம் என்பதையும் மறைப்பதற்கில்லை. அத்தாங்கி வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை.

"என்ன தந்தார்கள், தம்பி?" என்று பின்னர் கேட்டோம்.

"ஒண்டுமில்லை, சேர். பொழுதுபோக்குக்கு எடுக்கிறதுதானே எண்டு சொல்லிச்சினம். நானும் சிரிச்சுப்போட்டு வந்திட்டன்."

தாள் விற்றவருக்கு விலை கிடைத்தது. அச்சிட்டவருக்குக் கூலி கிடைத்தது. படம் மாத்திரமே பொழுதுபோக்காயிற்று.

வானத்தைப் படம்பிடித்த முன்னோடிகளுள் ஒருவர் மருத்துவப் பட்டதாரி என்பது இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. நியூயோர்க்கைச் சேர்ந்த ஹென்றி டிரேப்பர் 1880 செப்ரெம்பர் 30 இல் ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படம்பிடித்தார். அவர் மனைவியார் அன்னா பெருஞ்செல்வத்துக்கு உரியவர். ஆகவே கூலி என்னும் கேள்வி அவ்வீட்டிலே எழவில்லை. 1882 இல் டிரேப்பர் மறைந்தபின், அன்னா அளித்த நிதியைக்கொண்டு ஹார்வார்ட் வானாய்வகம் உடுக்களின் நிறமாலைகளைப் படம்பிடித்து வகுக்கலாயிற்று. அந்தத் தட்டுக்களைக் கண்வலிக்க ஆராய்ந்த பெண்களுட் பலர் மணிக்கு 25 சதம் பெற்றனர். அவர்களுள் வில்லியமினா பிளெமிங் என்பவர் பணிப்பாளர் பிக்கரிங்கின் வீட்டில் வேலைக்காரியாக இருந்தவர். 1888 ஆம் ஆண்டுத் தட்டொன்றிலே குதிரைத்தலை நெபுலாவைக் கண்டவர் அவரே. ஆயினும் பின்னர் வெளிவந்த அட்டவணை அதனைப் பிக்கரிங்கின் பெயரிலே பதிந்தது. தமக்கு ஆண்டுக்கு 1500 டொலரும் ஆண் உதவியாளர் சிலருக்கு 2500 டொலரும் கிடைப்பதை அவர் 1900 ஆம் ஆண்டு நாட்குறிப்பில் மனங்கசந்து எழுதியிருக்கிறார்.

அன்பினாற் செய்வதற்கு ஏன் ஊதியம் என்று நண்பர் கேட்கலாம். ஆர்ஜென்ரீனாவின் ரொசாரியோ நகரிலே பூட்டுத் தொழிலாளியான விக்ரர் பூசோ, 2016 செப்ரெம்பர் 20 இரவு, புதிய கமெராவைச் சோதிக்கையில், வெடித்த உடுவொன்றின் முதலொளியைத் தற்செயலாகப் பிடித்தார். 2018 இல் 'நேச்சர்' ஏட்டில் வெளிவந்த ஆய்வுக்கட்டுரையின் ஆசிரியர்களுள் அவரும் ஒருவர். அவர் கூலி கேட்டுக் கூரைக்கு ஏறியவரல்லர். உண்மையே. ஒருவன் தன் மகிழ்ச்சிக்காக வானத்தைப் பார்ப்பதற்குச் சம்பளம் கொடுங்கள் என்று நாமும் கோரவில்லை. அம்மகிழ்ச்சியின் விளைவை இன்னொருவர் தம் வியாபாரத்துக்கு எடுத்துச் செல்லும்போது கதை வேறாகிறது.

தாயாரைப் பார்த்த வைத்தியர் நல்லவர். ஐந்து நிமிடத்திலே நோவின் காரணத்தைச் சொன்னார். அவர் கற்றது மக்கள் பணத்தில். நாம் கற்றதும் அவ்வாறே. வைத்தியத்திலே உமக்கு ஆர்வமுண்டல்லவா, ஆகவே இலவசமாகப் பாரும் என்று அவரிடம் எவரும் சொல்வதில்லை. சொல்லவுங் கூடாது. அரசாங்க வைத்தியசாலை வார்ட்டிலே இரவு முழுவதும் நிற்கும் இளம் வைத்தியரின் சம்பளத்தைப் பார்த்து நாம் பொறாமைப்படவுமில்லை. 2022 நெருக்கடியின்பின் அவர்களுட் பலர் கடல்கடந்து போனமை நாடறிந்தது. எமது ஐயம் இதுதான்: ஒருவருடைய ஆர்வம் தகுதியாகவும், மற்றவருடைய ஆர்வம் விலைக்கழிவாகவும் கணிக்கப்படுவது எவ்வாறு? ஆசிரியத்தொழிலைத் 'தொண்டு' என்று மேடையிலே புகழ்வோரைக் கேட்டுக் கேட்டு எமக்கு இவ்விடயத்திற் காது சற்றுக் கூர்மைப்பட்டிருக்கலாம்.

ஆனால் நாம் மாத்திரம் என்ன செய்தோம்? சென்ற ஆண்டு பாடசாலை மலரின் அட்டைக்கு அவன் படத்தைக் கேட்டு வாங்கியவர் நாமே. அச்சகத்துக்குப் பணம் கொடுத்தோம். அவனுக்கு ஒரு பிரதி கொடுத்தோம்.

அடுத்த கலண்டருக்கும் படம் கேட்டிருக்கிறார்கள் என்று போன ஞாயிற்றுக்கிழமை வந்தான். கடிதம் எழுதித் தரவேண்டுமாம்.

"எவ்வளவு எண்டு போடுறது, சேர்?"

எமக்கும் தெரியவில்லை. ஒரு நாள் வயரிங் கூலி எவ்வளவென்று கேட்டு, அப்படத்துக்குச் சென்ற நான்கு இரவுகளாற் பெருக்கினோம். தொகையைக் கண்டதும் கூசிப்போனான், பாதியாக்கச் சொன்னான். நாம் பாதியாக்கவில்லை. பாடசாலை மலருக்கும் ஒரு பற்றுச்சீட்டு எழுதும்படி சொன்னபோது மாத்திரம் சிரித்துவிட்டான். கடிதம் திங்கட்கிழமை தபாலிற் போயிற்று.