பதிவகத்தில் இருப்பது எவருடைய எண்?

மிதவைப்புள்ளி எண்களைப் பற்றிக் கலைப்பீட மாணவன் ஒருவன் எழுதப் புகுவது மிகையென்று சிலர் கருதக்கூடும். ஆயினும், புவியியற் சிறப்புக் கற்கைக்கான மழைவீழ்ச்சிக் கணக்குகளை நான் செய்தது மெய்நிகர் இயந்திரம் ஒன்றினுள்ளேயே. விஞ்ஞானபீடத்து அறைத்தோழன் அதன் உள்விவகாரத்தை ஒரு மாலை விளக்கியபோது, என் அட்டவணைகள் மீதிருந்த நம்பிக்கை சற்றே ஆட்டங்கண்டது.

தசமங்களைக் கையாளும் வேலை முன்னர் தனிச் சில்லொன்றுக்குரியதாயிருந்தது. இன்டெல் 1980 இல் வெளியிட்ட 8087 அத்தகையது. 80 பிட் அகலமுள்ள எட்டுப் பதிவகங்கள் அதிலிருந்தன. இன்று அவை முறைவழியாக்கியினுள்ளேயே அடங்கிவிட்டன; 128 பிட் பதிவகங்கள் பதினாறும் உடன் சேர்ந்துள்ளன. இவை பொதுச்சொத்து. ஒரு செய்நிரல் விலகுகையில் அதன் எண்களை நினைவகத்தில் எழுதிவைத்து, அது திரும்புகையில் மீள நிரப்புதல் வேண்டும்.

மெய்நிகர் இயந்திரத்தில் இன்னொரு சிக்கலுண்டு. உள்ளிருக்கும் விருந்தாளி முறைமை தன் கட்டளைகளிற் பெரும்பாலானவற்றை நேரடியாகவே நிறைவேற்றுகிறது. ஆனால், நினைவகமென்று அது தொடுமிடம் உண்மையில் ஒரு சாதனத்தின் போலியாயிருந்தால் வன்பொருள் கைவிரித்துவிடும். அப்போது லினக்சின் கேவிஎம் அக்கட்டளையைத் தானே படித்து, பதிலாளாக நின்று செய்து முடிக்கிறது. கட்டளை மிதவைப்புள்ளிப் பதிவகமொன்றைச் சுட்டினால், முறைவழியாக்கியிலுள்ள அந்தப் பதிவகத்தையே கேவிஎம்மும் தொடவேண்டும். அவ்வேளை அதிலிருப்பது விருந்தாளியின் எண்தானா?

2019 இல் வெளிவந்த லினக்ஸ் 5.2 இல், நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக, மீள்நிரப்பலைப் பயனர் நிரலுக்குத் திரும்பும் கணம்வரை ஒத்திவைத்தனர். நல்ல சிக்கனந்தான். எனினும், இடையிற் பதிலாள் வேலை நேர்ந்தால் பதிவகத்தில் வேறொருவரின் எச்சம் கிடக்கலாம். அதிற் புதிதாக எழுதுவதையும் பின்னர் வரும் நிரப்பல் அழித்துவிடலாம். 2020 இல் இது திருத்தப்பட்டது. பதிவகத்தைத் தொடுமுன் விருந்தாளியின் நிலை நிரப்பப்படும். தொட்டு முடியும்வரை வேறெவரும் குறுக்கிடாதவாறு பூட்டப்படும்.

என்னை உறுத்தியது அப்பிழையின் மௌனமே. இயந்திரம் நின்றுவிட்டால் எவரும் அறிவர். பிறருடைய எண்ணோ, பார்வைக்கு நம் எண்ணைப் போலவே அட்டவணையில் அமர்ந்திருக்கும்.

“உன்ர மழைக்கணக்கு ஒரு சாதனத்தையும் தொடாது மச்சான், பயப்பிடாதை” என்று தோழன் சிரித்தான். அவன் சொன்னது சரியே. ஆயினும் அன்றிரவு இரண்டு நிலையங்களின் மாதக் கூட்டுத்தொகைகளைத் தாளிற் கூட்டிப் பார்த்தேன். பிழையொன்று அகப்பட்டது. ஒக்டோபர் மாதத் தொகையொன்றிற் தசமப்புள்ளியை ஓரிடம் தள்ளி வைத்திருந்தேன்; தட்டச்சிட்டவன் நானே.